குதிரைக் கண்ணுல புழு: எடுத்தாச்சு, அப்புறம்?

முதல்லயே சொல்லிடறேன், இது சென்னை ராயபுரம் இல்லீங்க. திருப்பூர் ராயபுரம். கடலும் கெடையாது, கப்பலும் கெடையாது. தெருவுக்கு நாலு பனியன் கம்பெனி, ஓவர்லாக் மெசின் சத்தம், மூட்டை மூட்டையா கட்டிங் வேஸ்ட். இந்த ஊர்ல உக்காந்து பொட்டி தட்டுற ஒருத்தன் குதிரைக் கண் ஆபரேஷன் பத்தி பதிவு போடறான்னா, ஒண்ணு அவன் வெட்டியா இருக்கணும், இல்லைன்னா ஏதோ நடந்திருக்கணும். வேலை எக்கச்சக்கமா இருக்கு. அதனால ரெண்டாவதுதான்.

நம்ம வலையுலக வழக்கப்படி ஒரு கொசுவத்தி சுத்திடறேன். (இந்தப் பதிவுல கொசுவத்திக்கு நெஜமாவே வேலை இருக்கு. கொஞ்சம் பொறுங்க.)

எங்க வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி ஒரு அண்ணன் இருக்காரு. சாதாரண நாள்ல செக்கிங், பேக்கிங்னு ஜாப் ஒர்க். முகூர்த்த நாள்ல குதிரைக்காரர். மாப்பிள்ளை அழைப்பு, கோயில் விசேஷம்னு வெள்ளைக் குதிரையை வாடகைக்கு விடுவாரு. குதிரை பேரு ராஜா. அந்தியூர் சந்தைல வாங்கினது. ஊருக்குள்ள கட்ட எடம் இல்லாததால, காங்கேயம் ரோட்டுல அவரு மாமனார் தோட்டத்துல, மாட்டுக் கட்டுத்தரைக்குப் பக்கத்துலயே கட்டி வெச்சிருந்தாரு. இந்த "பக்கத்துலயே"வை ஞாபகம் வெச்சுக்கங்க.

போன வருஷம் ஐப்பசி மழை முடிஞ்ச சமயம். ராஜாவோட இடது கண்ணுல தண்ணி ஊத்த ஆரம்பிச்சுது. வெயிலைப் பார்த்தா கண்ணை மூடிக்குது. மாமனார் அவரு காலத்து வழக்கப்படி உப்பையும் வெத்தலையையும் மென்னு கண்ணுல ஊதினாரு. கேக்கல. வீட்டுல யாருக்கோ வாங்கி மிச்சம் இருந்த சொட்டு மருந்தை ஊத்தினாங்க. அதுவும் கேக்கல. பத்து நாள் கழிச்சு ராத்திரி அண்ணன் என் வீட்டுக் கதவைத் தட்டினாரு.

"ஏனுங் தம்பி, நீங்க கம்ப்யூட்டர்ல பார்த்துச் சொல்லுங்க. டார்ச் அடிச்சுப் பார்த்தேனுங்க. கண்ணுக்குள்ள வெள்ளையா ஒரு நூலு கெடக்குது. அது நெளியுதுங்க."

பனியன் ஊர்ல நூல் எங்க வேணாலும் கெடக்கும். சட்டைல, சோத்துல, காப்பி டம்ளர்லகூட கெடக்கும். ஆனா கண்ணுக்குள்ள, அதுவும் நெளியற நூல்?

போய்ப் பார்த்தேன். கருவிழிக்குப் பின்னாடி, மீன் தொட்டில மண்புழு விட்ட மாதிரி ஒண்ணு சாவகாசமா நீந்திக்கிட்டு இருந்துச்சு. ரெண்டு நாள் சரியாத் தூங்கலைங்க.

இப்ப மேட்டருக்கு வருவோம்.

இந்தப் புழுவுக்குப் பேரு செட்டேரியா. நம்ம நாட்டுல குதிரைக் கண்ணுல அடிக்கடி மாட்டறது செட்டேரியா டிஜிடேட்டாங்கற வகை. இதுக்குச் சொந்த வீடு குதிரை இல்லை, மாடு. மாட்டோட வயித்துக்குள்ள, குடலுக்கு வெளிய இருக்கற குழில சும்மா குடியிருக்கும். மாட்டுக்குப் பெருசா ஒரு தொந்தரவும் பண்ணாது. அதோட குட்டிகள் மாட்டு ரத்தத்துல சுத்திக்கிட்டு இருக்கும். கொசு வந்து கடிக்கும்போது அதோட வயித்துக்குள்ள போய், சுமார் ரெண்டு வாரத்துல வளந்து ரெடியாயிடும். அதே கொசு பக்கத்துல கட்டியிருக்கற குதிரையைக் கடிச்சா புழு குதிரைக்குள்ள எறங்கிடும்.

எறங்கினப்புறம்தான் சிக்கல். ஊரு தெரியாம பஸ் ஏறினவன் மாதிரி அதுக்கு வழி தெரியாது. சிலது தண்டுவடத்துக்குப் போகும், குதிரைக்குப் பின்னங்கால் இழுத்துக்கும். 'கும்ரி'ன்னு வடக்க பழைய பேரு. சிலது கண்ணுக்குப் போகும். ராஜாவுக்கு வந்தது அதுதான். சொன்னேன்ல, கொசுவத்திக்கு வேலை இருக்குன்னு.

இது ஏதோ புதுசா வந்த வியாதியும் இல்லை. வெள்ளைக்காரன் காலத்துலயே இந்தியாவுல பட்டாளத்துக் குதிரைங்க கண்ணுல புழுவைப் பார்த்து எழுதி வெச்சிருக்காங்க. 1780கள்ல அமெரிக்காவுல பிலடெல்பியாவுல ஒரு குதிரையோட கண்ணுல 'உயிருள்ள பாம்பு' இருக்குன்னு ஊரே பேசி, ஜான் மோர்கன்னு ஒரு டாக்டர் அதைப் பத்தி கட்டுரையே எழுதினாரு. நானும் டார்ச் வெளிச்சத்துல பார்த்தவன்ங்கறதால அவங்க பாம்புன்னு நெனச்சதுல தப்பே இல்லைன்னு சொல்வேன்.

மருந்து குடுத்து உள்ளயே கொன்னுடலாமேன்னு நானும் கேட்டேன். செத்த புழு கண்ணுக்குள்ளயே கெடந்தா அதுவே பெரிய அழற்சியைக் கெளப்பும், அதனால உசுரோட வெளிய எடுக்கறதுதான் நல்லதுன்னாரு டாக்டர். (அவரு பேரு, ஆஸ்பத்திரி பேரு எதுவும் இங்க வேண்டாம்.) எடுக்காம விட்டா அது நீந்த நீந்த உள்ளுக்குள்ள எல்லாத்தையும் உரசி, கண்ணு கலங்கி, வெள்ளை படிஞ்சு, கடைசில பார்வை போயிடும். ஆக ஆபரேஷன்தான்.

ஆபரேஷன் எப்படின்னா, கேக்க ரொம்பச் சுலபம். கருவிழிக்கு முன்னாடி கண்ணாடி மாதிரி இருக்கற படலம் கார்னியா. குதிரைக்கு அது ஒரு மில்லிமீட்டர்கூட கனம் இருக்காது. அதுக்கும் உள்ள இருக்கற கருந்திரைக்கும் நடுவுல தெளிவான தண்ணி. புழு நீந்தற நீச்சல் குளம் அதுதான். கண்ணை மரத்துப்போக வெச்சு, கார்னியாவும் வெள்ளைவிழியும் சேர்ற ஓரத்துல கத்தி முனையால ஒரு சின்ன ஓட்டை. உள்ள இருக்கற தண்ணி பீச்சிக்கிட்டு வரும், அதோட புழுவும் வரும். அந்தத் தண்ணி ஒண்ணு ரெண்டு நாள்ல தானா ஊறிக்கும். ராஜாவுக்கு ஊசி போட்டுப் படுக்க வெச்சு, மொத்தமா பத்து நிமிஷம்கூட ஆகலை. புழு வெளிய வந்து தட்டுல நெளிஞ்சுது. சுத்தி நின்னவங்க அத்தனை பேரு கைலயும் போன். அன்னிக்கு ராத்திரிக்குள்ள அந்த வீடியோ ராயபுரம் பூரா வாட்ஸப்புல சுத்திடுச்சு. எங்க அம்மாவுக்கே மூணு குரூப்ல வந்துச்சு.

வீடியோ அதோட முடிஞ்சுது. நம்ம கதை முடியலை.

டாக்டர் கத்தியை எடுக்கறதுக்கு முன்னாடியே என்னென்ன ஆகலாம்னு சொன்னாரு. பாதி அப்பவே புரிஞ்சுது, மீதியை அப்புறம் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன்.

முதல்ல மயக்க மருந்து. நல்ல ஆரோக்கியமான மனுஷனுக்கு மயக்க மருந்தால மட்டும் உயிர் போறது லட்சத்துல ஒண்ணு ரெண்டுங்கற அளவுலதான். குதிரைக்கு அப்படி இல்லை. 41,824 குதிரை மயக்க மருந்து கேஸ்களை வெச்சு 2002-ல வெளியான ஆய்வுல, வயித்துவலி கேஸை எல்லாம் ஒதுக்கிட்டுப் பார்த்தாலும் நூத்துக்கு கிட்டத்தட்ட ஒண்ணு செத்திருக்கு. இத்தனை பெரிய உடம்பு பக்கவாட்டுல படுத்தா அடில இருக்கற தசை நசுங்கும். தலைக்கயித்து வளையத்தைக் கழட்ட மறந்தா அது அழுத்தியே முகத்துல நரம்பு போயிடும். முழிக்கும்போது பாதி மயக்கத்துல எந்திரிக்கப் பார்த்துக் கால் ஒடையும். அதனால சில டாக்டருங்க படுக்க வைக்காம, நிக்க வெச்சே மரமரப்பு ஊசில முடிக்கப் பார்ப்பாங்க. எது சரின்னு அந்தக் குதிரையைப் பார்த்து அவங்கதான் முடிவு பண்ணணும்.

ரெண்டாவது, கத்தி போடற நேரம். புழு கருந்திரைக்குப் பின்னாடி ஓடி ஒளிஞ்சுக்கலாம். ரத்தம் கசியலாம். தண்ணி வேகமா வெளிய வரும்போது கருந்திரையே ஓட்டைல வந்து சிக்கலாம். கத்தி லென்ஸைத் தொட்டுட்டா பின்னாடி கண்புரை வரும்.

மூணாவது, இதுதான் முக்கியம், முடிஞ்சப்புறம் வர்றது. உள்ள கிருமி போனா கண்ணே போயிடும். அழற்சி அடங்காம இருந்தா கருந்திரை லென்ஸோட ஒட்டிக்கும், கண் அழுத்தம் ஏறும். குதிரை கண்ணைத் தேச்சா கார்னியால புண்ணாகும். புண்ணு ஆறினாலும் வெள்ளைத் தழும்பு நிக்கலாம். நம்ம பாட்டிங்க 'பூ விழுந்துடுச்சு'ன்னு சொல்லுவாங்களே, அது. குதிரைக் கண்ணுல பூஞ்சை வேற சுலபமா பிடிக்கும். வைக்கோல் தூசி, சாணி, மண்ணு, ஈ, இதுக்கு நடுவுலதான அது வாழுது.

இதுக்கெல்லாம் சேர்த்து ஒரே வைத்தியம், விடாம மருந்து ஊத்தறது. நாலு மணி நேரத்துக்கு ஒருக்கா சொட்டு மருந்து. பாப்பாவை விரிச்சு வைக்க அட்ரோபின். அதை அளவுக்கு மீறி ஊத்தினா குடல் ஓட்டம் கொறைஞ்சு வயித்துவலி வரும், அதனால சாணி போடுதா, வயிறு சத்தம் போடுதான்னு வேற பார்க்கணும். வலிக்கு ஊசி. கண்ணுக்கு மூடி. லாயத்துல இருட்டு.

சொல்ல ஈசி. குதிரை இமையை மூடிக்கிச்சுன்னா அதைப் பிரிக்க ரெண்டு ஆளு வேணும். நாலு நாள்ல பாட்டிலைப் பார்த்தாலே தலையைத் தூக்கிக்கும். அண்ணன் காலைலயும் ராத்திரியும், மாமனார் சாயங்காலம், வீட்டுலருந்து வேலை பார்க்கறவன்ங்கறதால மத்தியானம் நானுன்னு முறை வெச்சோம். (மாமனார் ஆளு, நான் மருந்து. ராஜா எங்க ரெண்டு பேரையும் விரோதியாத்தான் பார்த்துச்சு.)

இப்ப ஒரு உண்மையைச் சொல்லணும். எட்டாம் நாளும் ஒம்பதாம் நாளும் நான் போகலை. ஆபீஸ்ல ரிலீஸ். 'நல்லாத்தான இருக்கு, ரெண்டு வேளைதான'ன்னு நெனச்சேன். கண்ணு தெளிஞ்சிருந்துச்சு, தண்ணி நின்னிருந்துச்சு. நல்லாத் தெரியற நேரத்துலதான் நாம கையை விடறோம்.

பன்னெண்டாம் நாள் பெரிய முகூர்த்தம். முன்னாடியே அட்வான்ஸ் வாங்கிட்டாரு அண்ணன். போனாரு. கண்ணு மூடியோடதான் கூட்டிட்டுப் போனாரு. போட்டோவுக்கு நல்லா இல்லைன்னு யாரோ சொல்ல, கழட்டிட்டாங்க. பட்டாசுப் புகை, செண்டை மேளம், ரோட்டுத் தூசி. மறுநாள் கண்ணு வீங்கி மூடியிருந்துச்சு. கார்னியால புண்ணு. மறுபடி டாக்டர், மறுபடி மருந்து, இந்தத் தடவை ஒன்றரை மாசம். கண்ணு தப்பிச்சுது. ஆனா நடுவுல பூ விழுந்துடுச்சு. இடது பக்கம் வெளிச்சமும் நெழலும் தெரியுது, அவ்வளவுதான்.

இதை எழுதறதுக்குக் காரணம் இதுவும் இல்லைங்க. இனிமேதான்.

தெருவுல பேச்சு எப்படி ஓடுதுன்னா, "ஆபரேஷன் பண்ணினாங்க, கண்ணு போச்சு." போன மாசம் இன்னொரு குதிரைக்காரர் வந்தாரு. அவரு குதிரைக்கும் அதே மாதிரி கண்ணுல தண்ணி, அதே நெளியற நூலு. டாக்டர்கிட்டப் போங்கன்னேன். "ராஜாவுக்கு ஆனதைப் பார்த்தமுங்களே, கத்தியே வேண்டாமுங்க, தானாப் போயிரும்"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. ஏதோ பச்சிலை ஊத்திக்கிட்டு இருக்காராம்.

அந்தக் குதிரையோட கண்ணு போகப்போறதுக்கு எங்க ரெண்டு நாள் மத்தியானமும், அண்ணனோட ஒரு முகூர்த்தமும் காரணம். அதனாலதான் அழுத்திச் சொல்றேன்: ராஜாவோட கண்ணு கத்தியால போகலை. கத்திக்கு முன்னாடி வீணாப் போன பத்து நாள்லயும், கத்திக்குப் பின்னாடி நாங்க கையை விட்ட அந்த ரெண்டாவது வாரத்துலயும் போச்சு. பத்து நிமிஷம் டாக்டரோடது, மீதி அத்தனை நாளும் நம்மளோடது. நம்ம பொழப்புலயும் அதுதான? ப்ராஜெக்ட் லைவ் போன அன்னிக்கு கேக் வெட்டறோம். பிரச்சினை பூரா அதுக்கப்புறம்தான் வரிசை கட்டும். சப்போர்ட்டுக்கு ஆள் போடாம லைவ் போற மேனேஜரை நாம எப்படித் திட்டுவோம்!

'சிக்கல் வரும்னா எதுக்குப் பண்ணணும்'னு கேக்கறவங்களுக்கு ஒரே பதில். பண்ணலைன்னா என்ன ஆகும்ங்கறதையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. ஒரு பக்கம் வரலாம், வராமயும் போகலாம், பார்த்துக்கிட்டா பெரும்பாலும் சமாளிக்கலாம். இன்னொரு பக்கம் புழு உள்ளயே இருக்கும், ஒவ்வொரு நாளும் உரசும்.

இன்னொண்ணு, பழைய சொட்டு மருந்து. மனுஷனுக்கு வாங்கின கண் மருந்துல பலதுல ஸ்டீராய்டு இருக்கும். கார்னியால புண்ணு இருக்கும்போது அதை ஊத்தினா புண்ணு ஆறாது, கிருமியும் பூஞ்சையும் கொண்டாடும். புண்ணு இருக்கா இல்லையான்னு சாயம் ஊத்திப் பார்த்துதான் டாக்டரே முடிவு பண்ணுவாரு. நாம எந்த தைரியத்துல ஊத்தறோம்?

மார்க்கோ போலோ 13-ஆம் நூற்றாண்டு கடைசில நம்ம பாண்டிய நாட்டுப் பக்கம் வந்துட்டுப் போனவரு. அவரு எழுதினதுல ஒரு விஷயம் என்னை உறுத்திக்கிட்டே இருக்கு. இங்க இருக்கற ராஜா வருஷத்துக்கு ரெண்டாயிரத்துக்கும் மேல குதிரை வாங்கறாரு, பணம் பூரா அதுக்கே போகுது, வருஷக் கடைசில நூறுகூட மிஞ்சறதில்லை, ஏன்னா பார்த்துக்கத் தெரிஞ்ச ஆளு இல்லைன்னு எழுதியிருக்காரு. வெளியூர்க்காரர் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருப்பாருன்னே வெச்சுக்குவோம். ஆனா வாங்கக் காசு இருக்கு, வெச்சுக் காப்பாத்த ஏற்பாடு இல்லைங்கறது எழுநூறு வருஷத்துக்கு அப்புறமும் அப்படியே இருக்கே? ஆடி மாசம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போய்ப் பாருங்க. பல்லைப் பிடிச்சுப் பார்ப்பாங்க, சுழி பார்ப்பாங்க, நடை பார்ப்பாங்க. 'எங்க ஊர்ல இதுக்கு வைத்தியம் பார்க்க யாரு இருக்கா'ன்னு கேட்டுட்டு வாங்கின ஒருத்தரை நான் பார்க்கலை.

அந்தக் காலத்து மாதிரி ஆளே இல்லைன்னு இப்ப சொல்லவும் முடியாது. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-ல ஆரம்பிச்சது. நாமக்கல்ல ஒண்ணு இருக்கு. நம்ம திருப்பூர் மாவட்டத்துலயே உடுமலைல 2020-21 கல்வியாண்டுல கால்நடை மருத்துவக் கல்லூரி வந்தாச்சு. 1962-க்கு போன் போட்டா கால்நடை ஆம்புலன்ஸ் இருக்கு. படிச்சவங்க இருக்காங்க. நாமதான் கடைசியாப் போறோம், போனப்புறமும் பாதில விட்டுடறோம்.

அதனால குதிரை வெச்சிருக்கறவங்களுக்கு என் கோரிக்கை இவ்வளவுதான். குதிரையை மாட்டுக் கட்டுத்தரைலருந்து தள்ளிக் கட்டுங்க. சாயங்காலம் புகை போடுங்க, தொட்டித் தண்ணியைத் தேங்க விடாதீங்க, பூச்சி மருந்தை டாக்டர் சொல்ற கணக்குல குடுங்க. கண்ணுல தண்ணி வந்தா அன்னிக்கே காட்டுங்க. ஆபரேஷனுக்கு முன்னாடி 'எவ்வளவு ஆகும்'ங்கறதோட, 'என்னென்ன ஆகலாம், எத்தனை நாள் பார்த்துக்கணும்'னும் கேளுங்க. அந்த நாள்ல வர்ற வாடகையை மறந்துடுங்க.

கல்யாணத்துக்குக் குதிரை கூப்பிடற நம்மளுக்கும் ஒண்ணு. கண்ணு மூடி போட்ட குதிரை வந்தா 'போட்டோ நல்லா இல்லை'ன்னு சொல்லாதீங்க. திருப்பி அனுப்பிடுங்க, அட்வான்ஸைக் கேக்காதீங்க. நடந்தே போனாலும் மாப்பிள்ளை மாப்பிள்ளைதான் :-)

இந்த ஆடில ஒருத்தர் அண்ணன்கிட்ட, "அந்தியூர்ல தள்ளி விட்டுருங்க, கூட்டத்துல எவன் எடது கண்ணைப் பார்க்கப் போறான்"ன்னாரு. அண்ணன் ஒரு வாரம் யோசிச்சாரு. கடன் இருக்கு, யோசிக்கத்தான் செய்வாரு. கடைசில விக்கலை. "வாங்கறவனுக்குத் தெரியாம எடது பக்கத்துலருந்து யாராச்சும் கை வெச்சா இது மெரண்டு ஒதைச்சுரும் தம்பி. அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்"ன்னாரு.

இப்ப ராஜா மாப்பிள்ளை அழைப்புக்குப் போறதில்லை. பட்டாசு இல்லாத கோயில் ஊர்வலம் மட்டும். அண்ணன் எப்பவும் இடது பக்கமாத்தான் கூட நடக்கறாரு. தொடறதுக்கு முன்னாடி "ராஜா, நான்தான்டா"ன்னு ஒரு கொரல் குடுப்பாரு. நானும் அந்தப் பக்கம் போனா அப்படித்தான் கொரல் குடுக்கறேன். என் கொரலைக் கேட்டா மட்டும் இன்னும் தலையைத் தூக்கிக்குது. மருந்து பாட்டில் ஞாபகம் போல.

டிஸ்கி: அந்த இன்னொரு குதிரைக்காரரை நாளைக்கு மறுபடி பார்க்கப் போறேன். இந்தத் தடவை அண்ணனையும் கூட்டிக்கிட்டு. நான் சொன்னா 'கம்ப்யூட்டர்காரன் சொல்றான்'ம்பாரு. 'கண்ணு போனது கத்தியால இல்லீங்க, எங்களாலதான்'னு அண்ணன் வாயாலயே கேட்டா ஒருவேளை ஒத்துக்குவாரு.